பகடைக்கு முன் விதி

விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் பொழுதுபோக்கு என்ற எண்ணமே நம்மில் பலருக்கு முதலில் எழுகிறது. ஆயினும் எந்த விளையாட்டையும் சற்று ஊன்றி நோக்கினால், அது ஒரு சிற்றரசு என்பது விளங்கும். அதற்கு எல்லை உண்டு, குடிகள் உண்டு, சட்டம் உண்டு. சட்டத்தின் பொருள் இன்னதென்று வழக்காடுவோரும் உண்டு. ஒரு வேறுபாடு மட்டும் இருக்கிறது. நாட்டின் சட்டத்தை மீறுவோரைத் தண்டிக்கக் காவலரும் நீதிமன்றமும் உள்ளன. விளையாட்டின் சட்டத்துக்கோ, ஆடுவோர் இருவரும் மனமுவந்து அளிக்கும் இசைவைத் தவிர வேறு காவல் இல்லை. அந்த இசைவு குலைந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

அப்படியானால் ஒரு விளையாட்டின் விதி யாருக்கு உரியது? அதை இயற்றியவருக்கா, அல்லது அதைக் கொண்டு ஆடுவோருக்கா? ஆடுவோர் விதியைத் திருத்தலாமா? திருத்துவதாயின் எப்போது, எம்முறையில்? இக்கேள்விகளை ஒரு குறிப்பிட்ட விளையாட்டின் துணைகொண்டு ஆராய்வது எளிது. அமெரிக்க நாட்டில் தோன்றிய ‘ஓகர்’ என்னும் போர் விளையாட்டு அதற்கு மிகவும் ஏற்றது. மனிதரைத் தின்னும் அரக்கன் என்பது அப்பெயரின் பொருள்.

ஸ்டீவ் ஜாக்ஸன் என்பவர் இயற்றிய இவ்விளையாட்டை மெட்டாகேமிங் என்னும் நிறுவனம் 1977ஆம் ஆண்டில் வெளியிட்டது. விலை 2 டாலர் 95 சென்ட். ஒரு சிறு விதிப் புத்தகம், ஒரு காகித வரைபடம், அட்டையில் அச்சிட்ட காய்கள் ஆகிய அனைத்தும் சட்டைப்பையில் அடங்கிவிடும். கதை நிகழும் ஆண்டு 2085. அக்காலத்தில் போர்க்களத்தின் தலைமை மனிதரிடம் இல்லை. தானே சிந்தித்துத் தானே போரிடும் ஒரு மாபெரும் டாங்கியிடம் இருக்கிறது. அதுவே ஓகர். இத்தகைய சிந்திக்கும் டாங்கிகளைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் கீத் லாமர் 1960ஆம் ஆண்டு முதல் கதைகள் எழுதி வந்தார் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆட்டத்தின் அமைப்பு எளிமையானது. ஒரு பக்கத்தில் ஒரே ஓர் ஓகர். மறுபக்கத்தில் ஒரு சிறு படை. ஓகர் வரைபடத்தின் தென் எல்லையில் நுழைந்து, வடபுறத்தில் உள்ள கட்டளை நிலையத்தை அழித்துவிட்டு மீள முயலும். படை அதைத் தடுக்க வேண்டும். ஒன்றுக்கு எதிராகப் பல என்னும் இவ்வமைப்பு, நம் திண்ணைகளில் ஆடப்படும் ஆடு புலி ஆட்டத்தை அறிந்தவர்களுக்குப் புதிதன்று. அங்கே 3 புலிகளை 15 ஆடுகள் எதிர்க்கின்றன. இரு பக்கமும் சமமான காய்களைப் பெறும் சதுரங்கத்தில் நடுநிலைமை கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆடு புலி ஆட்டத்திலோ, ஓகரிலோ அது கண்ணுக்குத் தெரியாது. ஆடி ஆடித்தான் அறிய வேண்டும். விவாதம் பிறப்பதற்கு இதைவிட வளமான நிலம் வேறில்லை.

விவாதத்தைப் புரிந்துகொள்ளச் சில எண்கள் தேவை. வரைபடம் அறுகோணக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மூன்றாம் வகை ஓகருக்கு ஒரு முதன்மைப் பீரங்கி, 4 துணைப் பீரங்கிகள், காலாட்படையைத் தாக்கும் 8 சிறு துப்பாக்கிகள், 2 ஏவுகணைகள், 45 சங்கிலிப்பட்டை அலகுகள் ஆகியவை உண்டு. ஒரு முறைக்கு அது 3 கட்டங்கள் நகரும். அதனை ஒரே அடியில் வீழ்த்த இயலாது. ஒவ்வொரு பீரங்கியாக ஒடிக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையாக அறுக்க வேண்டும். 15 பட்டை அலகுகள் போனால் வேகத்தில் ஒரு கட்டம் குறையும். 45 அலகுகளும் போனால் அரக்கன் நின்ற இடத்தில் நின்றுவிடுவான்.

எதிர்க்கும் படைத்தலைவர், 20 வலிமை கொண்ட காலாட்படையோடு 12 கவச அலகுகளைத் தம் விருப்பம்போல் தேர்ந்து கொள்ளலாம். கனரக டாங்கியின் தாக்கு வலிமை 4. அது 2 கட்டத் தூரம் சுடும். ஏவுகணை டாங்கியின் வலிமை 3; அது 4 கட்டத் தூரம் சுடும். ஹவிட்ஸர் பீரங்கி 6 வலிமையோடு 8 கட்டத் தூரம் சுடும். ஆனால் இடம்விட்டு அசையாது. தேர்வில் இரண்டு அலகுகளாகக் கணக்கிடப்படும். இறுதியாக, காற்று மெத்தையின்மேல் மிதந்து செல்லும் ஊர்தி ஒன்று உண்டு. அதன் வலிமை 2. சுடும் தூரமும் 2 கட்டமே. ஆனால் அது 4 கட்டங்கள் நகர்ந்து, சுட்டுவிட்டு, மேலும் 3 கட்டங்கள் நகரலாம்.

தாக்குவோரின் வலிமையைத் தாக்கப்படும் பொருளின் காப்பு வலிமையோடு ஒப்பிட்டு, அவ்விகிதத்துக்கேற்பப் பகடையை உருட்டிப் பலன் காண்பர். விகிதம் சரிசமமானால் 5 அல்லது 6 விழுந்தால் இலக்கு அழியும். இரண்டுக்கு ஒன்றானால் 4 முதல் 6 வரை விழுந்தால் அழியும். பாதிதான் வலிமையென்றால் 6 விழ வேண்டும். பின்னம் வந்தால் அது காப்போனுக்குச் சாதகமாகக் கழிக்கப்படும்.

இத்துணைச் சிறிய விதித் தொகுப்பைப் பற்றி ஆர்வலர்கள் பல்லாண்டுகள் விவாதித்திருக்கிறார்கள். தி ஸ்பேஸ் கேமர் என்னும் பத்திரிகையில் இவ்விளையாட்டைப் பற்றிய கட்டுரைகள் தொடர்ந்து வெளிவந்தன. 1982ஆம் ஆண்டில் தி ஓகர் புக் என்ற பெயரில் ஒரு தொகுப்பு நூலே வெளியாயிற்று. அவ்விவாதங்கள் பொதுவாக மூன்று வகைப்படும். உள்ள விதியை நன்கு பயன்படுத்துவது எவ்வாறு என்பது முதல் வகை. உள்ள விதி நியாயமானதா என்பது இரண்டாம் வகை. வேறு விதி வைத்தால் என்ன என்பது மூன்றாம் வகை. ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் காண்போம்.

முதல் வகைக்கு ஒரு கணக்கு. ஓகரின் முதன்மைப் பீரங்கிக்குக் காப்பு வலிமை 4. இரண்டு கனரக டாங்கிகள் அதை நெருங்கிவிட்டன. அவை சேர்ந்து சுடுவது நல்லதா, தனித்தனியே சுடுவது நல்லதா? ‘ஒன்றுபட்டால் உண்டு வாழ்வு’ என்று பழகிய நாம், சேர்ந்து சுடுவதே நலமென்போம். சேர்ந்தால் வலிமை 8. விகிதம் இரண்டுக்கு ஒன்று. வெற்றி வாய்ப்பு சரிபாதி. தனித்தனியே சுட்டால் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. இரண்டும் தவறுவதற்கு ஒன்பதில் நான்கு பங்கே வாய்ப்பு. ஆகவே ஒன்றாவது தைப்பதற்கு ஒன்பதில் ஐந்து பங்கு. இது பாதிக்கும் மேல். அன்றியும் முதற் குண்டே தைத்துவிட்டால், இரண்டாவது டாங்கி வேறோர் இலக்கைச் சுடலாம். ஆகவே இங்கே பிரிவே பலம்.

ஆனால் இதையே எப்போதும் செல்லும் சூத்திரமாகக் கொள்ளலாகாது. காப்பு வலிமை 3 கொண்ட துணைப் பீரங்கியை ஒரு கனரக டாங்கியும் ஒரு மிதவை ஊர்தியும் தாக்குவதாகக் கொள்வோம். சேர்ந்தால் வலிமை 6; விகிதம் இரண்டுக்கு ஒன்று; வாய்ப்பு பாதி. தனித்தனியே சுட்டால் டாங்கிக்கு மூன்றில் ஒன்று. ஊர்திக்கு ஆறில் ஒன்று. இரண்டில் ஒன்றாவது தைக்கும் வாய்ப்பு ஒன்பதில் நான்கு. இங்கே ஒற்றுமையே பலம். இத்தகைய நுட்பங்கள் விதிப் புத்தகத்தில் எழுதப்படவில்லை. எனினும் விதிக்குள்ளேயே மறைந்து கிடக்கின்றன. அவற்றை அகழ்ந்தெடுத்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதே ஆர்வலர் விவாதத்தின் முதற் பயன்.

இரண்டாம் வகை விவாதம் நியாயத்தைப் பற்றியது. எல்லாக் கவச அலகுகளையும் ஒரே விலைக்கு விற்கும் கடையில் மக்கள் எதை வாங்குவார்கள்? விலைக்கு மிஞ்சிய பயனுள்ளதை மட்டுமே வாங்குவார்கள். ஓகரிலும் அதுவே நிகழ்ந்தது. மிதவை ஊர்திகளை மட்டும் திரட்டிக்கொண்டு, வந்து சுட்டு, சுட்டவுடன் விலகி ஓடும் முறையைச் சிலர் கையாண்டனர். நான்கு வகைப் படைகளைக் கலந்து வியூகம் வகுக்க வேண்டிய ஆட்டம், ஒரே வகை ஊர்தி துரத்தும் ஆட்டமாகச் சுருங்கிவிடும் என்ற கவலை எழுந்தது. எந்தக் கலவை சிறந்தது, எந்த அலகு விலைக்குத் தகாதது என்று பத்திரிகையின் பக்கங்களில் வாதங்கள் நிறைந்தன. பின்வந்த பதிப்புகள் இத்தகைய அனுபவத்தால் செப்பம் பெற்றவை.

இவ்வழக்கில் ஒரே ஒரு கட்டத்தின் மதிப்பு என்ன என்று பாருங்கள். ஊர்தி 2 கட்டத் தூரத்திலிருந்து சுடுகிறது. பிறகு 3 கட்டங்கள் விலகுகிறது; இடைவெளி 5 கட்டம். ஓகர் 3 கட்டங்கள் முன்னேறுகிறது. இடைவெளி 2 ஆகிறது. ஓகரின் துணைப் பீரங்கிகள் சுடும் தூரமும் 2 கட்டமே. ஆகவே நான்கு துணைப் பீரங்கிகளும் ஊர்தியைச் சுடலாம். அந்த ஊர்தி 3 கட்டத்துக்குப் பதிலாக 4 கட்டம் விலகக்கூடியதாயின், ஓகர் நெருங்கிய பின்பும் இடைவெளி 3 கட்டமாக இருக்கும். அப்போது முதன்மைப் பீரங்கியும் ஏவுகணைகளும் மட்டுமே எட்டும். நான்கு துணைப் பீரங்கிகளும் வாயடைத்து நிற்கும். விதிப் புத்தகத்தில் ஓர் இலக்கத்தை மாற்றினால், களத்தில் நான்கு பீரங்கிகள் ஊமையாகின்றன!

இதே கணக்கை மறுபக்கத்திலிருந்தும் பார்க்கலாம். ஓகர் 15 பட்டை அலகுகளை இழந்தால் அதன் வேகம் 3 கட்டத்திலிருந்து 2 கட்டமாகும். அப்போதும் இடைவெளி 3 கட்டமாகவே நிற்கும். ஆகவே முதலில் பட்டைகளைச் சுடு, பிறகு பீரங்கிகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒரு கட்சி. அது எளிதன்று என்பது மற்றொரு கட்சி. பட்டைகளை ஒவ்வோர் அலகும் தனித்தே தாக்க வேண்டும். 5 அல்லது 6 விழுந்தால் மட்டுமே தாக்கிய வலிமைக்குச் சமமான பட்டைகள் அறும். மூன்றில் ஒரு பங்கே பலிப்பதால், 45 பட்டைகளையும் அறுக்கச் சராசரியாக 135 வலிமையைச் செலவிட வேண்டும். ஒரு கனரக டாங்கி அதைத் தனியே செய்வதாயின் ஏறக்குறைய 34 முறை சுட வேண்டும். அதுவரை ஓகர் வாளாவிருக்குமா? இரு கட்சியிலும் நியாயம் உண்டு. அதனாலேயே விவாதம் வற்றாமல் நடந்தது.

மூன்றாம் வகை, மாற்று வடிவங்களைப் பற்றியது. இவ்வழியை ஆசிரியரே திறந்து வைத்தார் எனலாம். 60 பட்டை அலகுகளும் 2 முதன்மைப் பீரங்கிகளும் கொண்ட ஐந்தாம் வகை ஓகர் முதற் புத்தகத்திலேயே இடம்பெற்றது. அதை எதிர்ப்போருக்கு 20 கவச அலகுகளும் 30 வலிமைக் காலாட்படையும் அளிக்கப்பட்டன. 1978ஆம் ஆண்டில் மிதவை ஊர்தியின் பெயரையே தாங்கி ‘ஜி.ஈ.வி.’ என்ற துணை விளையாட்டு வந்தது. அதில் காடு, சதுப்பு, நகரம், சாலை, ஆறு ஆகியவை சேர்ந்தன. ஓகரே இல்லாமல் இரு படைகள் மோதும் போர்களும் இடம்பெற்றன. நிலம் மாறியவுடன் அதே காய்களின் மதிப்பும் மாறிவிட்டது. ஓர் அலகு சிறந்ததா அன்றா என்பது அலகில் மட்டும் இல்லை, அது நிற்கும் இடத்திலும் இருக்கிறது என்ற உண்மையை ஆடுவோர் இதனால் கண்டனர்.

ஆசிரியர் வழிகாட்டினால் வாசகர் சும்மா இருப்பரோ? அவரவர் தத்தம் இல்லங்களில் புதிய களங்களை அமைத்தனர். புதிய டாங்கிகளை வகுத்தனர். எண்களைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தனர். இவற்றில் பல நன்மையும் சில தொல்லையும் விளைந்தன. நண்பர் வகுத்த திருத்தம் நண்பருக்கே எப்போதும் வெற்றி தருமாயின், அது திருத்தமன்று, தந்திரம்.

விதியைத் திருத்துவதில் ஐரோப்பாவுக்கு நீண்ட அனுபவம் உண்டு. பிரஷ்ய நாட்டு அதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பவர் 1824ஆம் ஆண்டில் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். பகடையும் அட்டவணையும் நடுவரும் அதில் இருந்தனர். நாளடைவில் அட்டவணைகள் பெருகி, ஆட்டம் தளர்நடை போட்டது. 1876ஆம் ஆண்டில் வெர்டி து வெர்னுவா என்ற படைத்தலைவர், அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு அனுபவமிக்க நடுவரின் தீர்ப்புக்கே விட்டுவிடலாம் என்றார். படை முகாமில் அது பொருந்தும். அங்கே நடுவர் மேலதிகாரி. அவர் சொல்லே முடிவு. இல்லத்தில், மேசையின் இருபுறமும் சமமான இருவர் அமர்ந்திருக்கையில் நடுவர் ஏது? அவர்களுக்கு நடுவர் எழுத்திலுள்ள விதியே. ஆகவேதான் அதன் ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் துருவிப் பார்க்கிறார்கள்.

சட்ட விதிகளை மொழிபெயர்ப்பதே தொழிலாக உடைய என் போன்றவர்களுக்கு இத்துருவல் வியப்பளிப்பதில்லை. ‘சுடலாம்’ என்பதற்கும் ‘சுட வேண்டும்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு மூன்றெழுத்து வேறுபாடன்று. ஓகரின் ஏவுகணை ஒரு முறைதான் பயன்படும். ‘சுடலாம்’ என்று விதி இருப்பதால், தக்க இலக்கு வரும்வரை அதைச் சேமித்து வைக்க முடிகிறது. ‘சுட வேண்டும்’ என்று ஒருவர் பிழைபடப் படித்துவிட்டால், எதிரி ஓர் அற்பக் காயை முன்னே தள்ளி அரிய ஏவுகணையை வீணடித்துவிடுவான். சொல்லைக் காப்பது நியாயத்தைக் காப்பதே.

இவற்றிலிருந்து, விதியைத் திருத்த விரும்புவோர்க்கு உதவும் சில நெறிகளை நாம் வகுத்துக் கொள்ளலாம்.

முதலாவது, உள்ள விதியை உள்ளவாறே பன்முறை ஆடிப் பார்த்த பிறகே குறை கூற வேண்டும். ஒரு முறை தோற்றவுடன் எழும் முறையீடு பெரும்பாலும் பகடையின் மேல் எழுந்த கோபமே.

இரண்டாவது, ஒரு சமயத்தில் ஓர் எண்ணை மட்டுமே மாற்ற வேண்டும். ஊர்தியின் வேகத்தையும் டாங்கியின் காப்பையும் ஒருங்கே மாற்றினால், விளைந்த நன்மைக்கோ தீமைக்கோ எது காரணம் என்று அறிய இயலாது.

மூன்றாவது, திருத்தத்தை முன்மொழிந்தவர் இரு பக்கமும் மாறி மாறி ஆட வேண்டும். எந்தப் பக்கம் அமரப் போகிறோம் என்று அறியாமல் எழுதப்படும் விதியே நடுநிலையான விதி.

நான்காவதும் தலையாயதுமானது, திருத்தம் பகடை உருளுமுன் எழுத்தில் இருக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே ஐயம் எழுந்தால் அப்போதைக்கு ஒரு முடிவு செய்துகொண்டு ஆட்டத்தை முடிக்கலாம். விதியாக்குவதை மறுநாளைக்கு ஒத்திவைக்க வேண்டும். தோற்றுக்கொண்டிருப்பவர் செய்யும் திருத்தம் கெஞ்சல். வென்றுகொண்டிருப்பவர் செய்யும் திருத்தம் அதிகாரம். இரண்டும் சட்டமாகா.

இவ்வாறு வாதித்தும் திருத்தியும் ஆடியவர்களால் அந்த விளையாட்டுக்கு என்ன நேர்ந்தது? ஸ்டீவ் ஜாக்ஸன் 1980ஆம் ஆண்டில் தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் ஓகரின் உரிமையும் அந்நிறுவனத்துக்கு வந்தது. 2012ஆம் ஆண்டில், அவ்விளையாட்டைப் பெரிய அளவில் மீண்டும் அச்சிடப் பொதுமக்களிடம் முன்பணம் கோரப்பட்டது. கோரிய தொகை 20,000 டாலர். சேர்ந்த தொகை 9 லட்சம் டாலருக்கும் மேல். கொடுத்தவர்கள் 5,000 பேருக்கும் மேல். சட்டைப்பையில் அடங்கியிருந்த விளையாட்டு, 10 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள பெட்டியாக 2013ஆம் ஆண்டில் அவர்களைச் சென்றடைந்தது. வெளிவந்து 35 ஆண்டுகள் கழிந்த பின்னும் அதற்காகப் பணம் கட்ட ஆயிரக்கணக்கானோர் முன்வந்தனர் என்றால், வெறும் பழம்பற்று மட்டும் அதற்குக் காரணமாகாது. அதன் எண்களோடும் சொற்களோடும் போராடி, அதைத் தம்முடையதாகவே ஆக்கிக்கொண்டவர்கள் அவர்களுள் பலர்.

ஆகவே, விதி யாருக்கு உரியது என்ற வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். விதியை இயற்றும் பெருமை ஆசிரியருக்கு உரியது. அதன் குறைநிறைகளைக் கண்டறியும் பொறுப்பு ஆடுவோருக்கு உரியது. ஆனால் ஆட்டம் நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அது இருவரில் எவருக்கும் உரியதன்று. அப்போது விதியே இருவருக்கும் தலைமை. எதிரில் அமர்ந்திருப்பவர் எத்துணை வல்லவராயினும், களத்தில் நிற்பது அரக்கனேயாயினும், எழுதப்பட்ட விதிக்கு அவரும் அதுவும் கட்டுப்பட்டே ஆக வேண்டும். எளியவனுக்கு ஆட்டத்தில் இடமளிப்பது அந்த ஒரு கட்டுப்பாடுதான். அதைப் பேணிக்கொண்டே விதிகளைச் செப்பனிடத் தெரிந்தவர்கள், விளையாட்டை விட்டு எழுந்து சென்ற பின்பும் நல்ல குடிமக்களாக இருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.